பத்மினிக்குப் பழுப்பு பெல்ட்

ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் ஒரு தம்பி தன் தாத்தாவின் பிரீமியர் பத்மினியை மீட்டெடுத்துக்கொண்டிருக்கிறான். 1996 மாடல். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் காரே கதி. டிங்கரிங் முடிந்தது, பெயிண்ட் முடிந்தது, சீட்டுக்கு டேன் கலர் ரெக்சினும் போட்டாயிற்று. டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்து போனில் படம் காட்டினான். "எல்லாம் செட் ஆயிடுச்சுண்ணா. சீட் பெல்ட் மட்டும் கறுப்பா துருத்திக்கிட்டு நிக்குது. சாயம் போட்டு டேன் ஆக்கிடலாமா?"

டேன் நிற பெல்ட் போடலாம், தம்பி. இந்தக் கறுப்பு பெல்ட்டை டேன் ஆக்கக்கூடாது. ஏன் என்று சொல்ல ஒரு டீ போதாது. இன்னொன்று சொல்லிவிட்டு உட்கார்.

முதலில் அந்தப் பட்டையை ஒருமுறை கிட்டத்தில் பார்க்க வேண்டும். முழுதாக வெளியே இழுத்து, வெயிலில் பிடித்து, விரல் நகத்தால் மெல்லக் கீறிப் பார். சாய்வாக வரிவரியாக ஓடும் நெசவு தெரியும். நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே போவது ஊடை. வேட்டி, புடவைக்கு இருப்பது போலவேதான். வேறுபாடு என்னவென்றால், பட்டையின் பலம் முழுக்கப் பாவில் இருக்கிறது. சுமார் 300 பாவு இழைகள் பக்கம் பக்கமாக நெருக்கி ஓடுகின்றன. ஊடை அவற்றைக் கலையாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு பாவு இழையும் தலைமுடியைவிட மெல்லிய பல பாலியஸ்டர் இழைகளின் கற்றை. அகலம், சுமை ஏறிய நிலையிலும் 46 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது சர்வதேச விதி. குறுகலாக இருந்தால் விபத்தில் அதுவே நெஞ்சை அறுக்கும்.

இந்த நாடா தாங்க வேண்டிய பாரத்தைக் கணக்குப் போட்டால்தான் நிறத்தைப் பற்றிய பேச்சு சரியான இடத்தில் உட்காரும். கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. முன்னால் சுவர். காரின் மூக்கு நசுங்குவது, பெல்ட் நீள்வது எல்லாம் சேர்த்து உன் உடம்பு நிற்பதற்கு 60 சென்டிமீட்டர் தூரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள். 70 கிலோ ஆள் என்றால், அந்த 60 சென்டிமீட்டருக்குள் உடம்பை நிறுத்த அவன் எடையைப் போல ஏறத்தாழ 16 மடங்கு விசை வேண்டும். சுமார் 1,100 கிலோ. ஒரு பத்மினியையே தூக்கிக் கட்டித் தொங்கவிட்டதற்கும் மேல். அதை மடிப்பட்டையும் தோள்பட்டையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஐ.நா.வின் 16-ஆம் எண் ஒழுங்குமுறை நாடா அறுபடும் விசை 14,700 நியூட்டனுக்குக் குறையக்கூடாது என்கிறது. எடையில் சொன்னால் 1,500 கிலோ. நம் நாட்டின் ஐ.எஸ். 15140 தரமும் இதே பெல்ட்டுகளுக்குத்தான்.

புது நாடா அவ்வளவு தாங்கினால் போதும் என்று அந்த ஒழுங்குமுறை விட்டுவிடுவதில்லை. ஒரு துண்டை விளக்கொளியில் நாள்கணக்கில் காட்டுகிறார்கள், இன்னொன்றை 60 டிகிரி சூட்டில் 3 மணி நேரம் வைக்கிறார்கள், மைனஸ் 30 டிகிரி குளிரில் ஒன்றரை மணி நேரம், தண்ணீரில் 3 மணி நேரம், இன்னும் ஒன்றைக் கொக்கியில் தேய்த்துத் தேய்த்து. இதில் எதற்குப் பிறகு இழுத்தாலும் பழைய பலத்தில் முக்கால் பங்காவது மிச்சமிருக்க வேண்டும். அதோடு அந்த 14,700 நியூட்டனுக்கும் கீழே இறங்கக்கூடாது.

பலம் பாதிக் கதைதான். மீதிப் பாதி நீட்சி. பெல்ட் கயிறு மாதிரி விறைப்பாக இருந்தால் மார்பெலும்பு நொறுங்கும். ரப்பர் மாதிரி இருந்தால் தலை ஸ்டியரிங்கில் போய் முட்டும். விசை ஏற ஏற இவ்வளவுதான் நீள வேண்டும், நீண்டது உடனே சுருங்கித் திரும்ப அடிக்கக்கூடாது, அந்த நீட்சியிலேயே மோதலின் வேகம் கரைய வேண்டும். இந்தக் குணத்தைத் தறியில் மட்டும் கொண்டுவர முடியாது. அது நிலைப்படுவது சாயம் ஏற்றும் அடுப்பில்.

தம்பி கேட்ட கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. நிற நாடா செய்யும் ஆலையில் பெரும்பாலும் வெள்ளையாகத்தான் நெய்வார்கள். பிறகு அந்த வெள்ளை நாடா நிற்காமல் ஓடியபடியே சாயத் தொட்டியில் முங்கி, உருளைகளுக்கு இடையே பிழியப்பட்டு, காய்ந்து, 200 டிகிரிக்கு மேல் சூடேறிய அடுப்புக்குள் நுழைகிறது. பாலியஸ்டர் 255 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதற்குக் கீழே இந்தச் சூட்டில் இழையின் உள்கட்டு தளர்ந்து, சாயத்துகள் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அதே அடுப்பில், அதே நிமிடத்தில், நாடாவை எவ்வளவு இழுத்துப் பிடிப்பது, எவ்வளவு சுருங்க விடுவது என்பதை உருளைகளின் வேகத்தை வைத்துக் கட்டுப்படுத்துகிறார்கள். வெளியே வந்து ஆறும்போது நிறமும் நிலைத்துவிடுகிறது, நீட்சியும் நிலைத்துவிடுகிறது. ஒரே அடுப்பு, ஒரே சூடு, இரண்டு வேலை. கறுப்பு மட்டும் பல நேரம் வேறு வழியில் வரும்: பாலியஸ்டரை இழையாக இழுக்கும்போதே கரி நிறமியை உள்ளே கலந்துவிடுவார்கள். அந்தக் கரி வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து இழையையும் காக்கிறது.

"அப்ப நாமளும் அதே மாதிரி சூடு பண்ணிச் சாயம் போட்டா?"

சரி, ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம். கடையில் கிடைக்கும் சாயப் பொட்டலம் பருத்திக்கானது. அது பாலியஸ்டரில் பிடிக்காது; அலசினால் தண்ணீரோடு போய்விடும். பாலியஸ்டர் தண்ணீரையே அவ்வளவாக உள்ளே விடாத இழை. அதற்கு டிஸ்பர்ஸ் சாயம் என்று தனி வகை. அது நன்றாக ஏற வேண்டுமென்றால் அழுத்தக் கலத்தில் 130 டிகிரி சூடு வேண்டும். திருப்பூரிலும் ஈரோட்டிலும் பாலியஸ்டர் சாயப்பட்டறைகளில் அதற்கான இயந்திரம் இருக்கிறது. தெரிந்தவர் மூலம் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம் என்று யோசிக்கிறவர்கள் உண்டு. போட்டால் நிறம் ஏறவும் ஏறும். ஆனால் ஆலையில் இழுத்துப் பிடித்து நிலைப்படுத்திய நாடாவை இங்கே பிடிப்பில்லாமல் மறுபடி சூட்டில் முக்குகிறோம். இஷ்டத்துக்குச் சுருங்கலாம். சுருங்கிய நாடா விபத்தில் எவ்வளவு நீளும் என்று பட்டறைக்காரருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

அதுவும் வெள்ளையை டேன் ஆக்குவது வேறு, கறுப்பை டேன் ஆக்குவது வேறு. இருட்டு நிறத்தின் மேல் வெளிர் நிறம் ஏறாது. முதலில் கறுப்பைக் கழற்ற வேண்டும். கரி கலந்த இழையென்றால் அது கழலவே கழலாது. சாயக் கறுப்பாக இருந்தால் கொதிக்கும் காஸ்டிக் சோடாவோடு ஹைட்ரோஸ் போட்டு உரிப்பார்கள். பாலியஸ்டர் புடவைக்குப் பட்டு மாதிரி வழுவழுப்பு எப்படி வருகிறது தெரியுமா? சூடான காஸ்டிக்கில் போட்டு இழையின் மேல்தோலைத் தின்னவைத்து, எடையைக் குறைத்துத்தான். புடவைக்கு அது அழகு. பெல்ட்டுக்கு, 300 இழையும் மெலிகின்றன என்று பொருள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் என்னைப் பயமுறுத்துவது. பழைய வெளிநாட்டுக் கார்களில் சிலவற்றில் நாடா நைலான். அதில் சாயம் சுலபமாகப் பிடிக்கும், ஆனால் வெயில் அதை வேகமாகத் தின்னும். குளோரின் பிளீச்சும் அமிலமும் பட்டால் இன்னும் மோசம்.

ஸ்ப்ரே அடிப்பது மூன்றாவது வழி. ரெக்சினுக்கும் பிளாஸ்டிக்குக்கும் விற்கிற நிற ஸ்ப்ரேயை நாடாவில் அடித்தால் முதல் நாள் படம் எடுக்க அழகாக இருக்கும். அது இழைக்குள் போவதில்லை, மேலே படலமாக உட்காரும். நாடா விறைக்கும், அது சுற்றிக்கொள்ளும் சுருள்பெட்டிக்குள் ஒழுங்காகப் போகாது. தோள் வளையத்தில் உரசி உரசிப் பொடியாக உதிரும். ஓசூரில் பரவாயில்லை, கிருஷ்ணகிரி வெயிலில் வியர்த்தால் சட்டையில் குறுக்கே ஒரு பட்டை அடித்திருக்கும். இதையெல்லாம் விடப் பெரிய குறை, நாடா நைந்திருக்கிறதா என்று பார்க்கிற வழியையே அந்தப் படலம் அடைத்துவிடுகிறது. ஷூ பாலீஷ், லெதர் சாயம் போடுவதற்கும் இதே பதில்தான்.

சாயத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை தள்ளி நிற்பதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. பெங்களூருப் பக்கத்துக் கழிவு அத்தனையையும் சுமந்து வரும் ஆற்றுக்கு நாமும் ஒரு பக்கெட் ஊற்ற வேண்டாம்.

தம்பிக்கு அரைமனது. "இவ்ளோ கெட்டியான நாடா, ஒரு தடவை சாயம் போட்டா அறுந்தா போயிடும்?"

அறுந்து போகாமலும் இருக்கலாம். நீ குவாலிட்டியில் இருக்கிறாய், உனக்குச் சொன்னால் புரியும். உங்கள் லைனில் ஒரு லாட் போல்ட் வருகிறது. சர்டிபிகேட் இல்லை, லாட் நம்பர் இல்லை, யாரோ நடுவில் சூட்டில் போட்டு எடுத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. ஏற்றுக்கொள்வாயா? ரிஜெக்ட் டேக் கட்டி ஒதுக்கி வைப்பாய். அதிலும் போல்ட்டிலாவது கடினம் பார்க்கலாம், விரிசல் பார்க்கலாம். நாடாவின் பலத்தை அறிய ஒரே வழிதான் இருக்கிறது: அறுந்து போகும்வரை இழுப்பது. ஆலையில் ஆயிரக்கணக்கான மீட்டர் ஒரே சாயத்தில், ஒரே சூட்டில் ஓடுகிறது. அதில் சில துண்டுகளை அறுத்துப் பார்த்து மீதிக்குப் பொறுப்பேற்கிறார்கள். நீ சாயம் போட்ட பெல்ட்டுக்குக் கூடப்பிறந்தது எதுவுமில்லை. சோதித்தால் பெல்ட் இருக்காது. பெல்ட் இருந்தால் சோதிக்கப்படாதது. இந்த ஒரு காரணமே எனக்குப் போதும், மற்றதெல்லாம் உபரி.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சில காருங்க கம்பெனிலேர்ந்தே சிவப்பு பெல்ட்டோட வருதே" என்றான். வருகிறது. அந்தச் சிவப்பு, சோதனைக்கு முன்னால் ஏறிய சிவப்பு. சிவப்பு நாடாவாகவே அது அத்தனை பரீட்சையும் எழுதித் தேறியிருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் சீட் நிறத்துக்கு ஏற்ப நீலம், பச்சை, பழுப்பு என்று பெல்ட் வந்ததுண்டு. நிறத்தில் தப்பே கிடையாது. எப்போது, எந்தக் கையால் ஏறியது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இனி, செய்ய வேண்டியது.

கடைக்குப் போகும் முன்னால் பெல்ட்டைக் கழுவு. கைப்பிடி, கண்ணாடி எல்லாம் துடைக்கிறவர்கள் பெல்ட்டைத் தொடுவதில்லை. முழுதாக வெளியே இழுத்து, திரும்பப் போகாதபடி சுருள்பெட்டி வாயில் ஒரு கிளிப் போட்டுப் பிடித்துக்கொள். வெதுவெதுப்பான தண்ணீர், சாதாரண சோப்பு, மெல்லிய பிரஷ். நீளவாக்கில் தேய். பிளீச் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், தின்னர் வேண்டவே வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே விடு; ஈரத்தோடு விட்டால் பூஞ்சை பிடித்து நாறும். இதைச் செய்தவர்களில் சிலர் நிறம் மாற்றும் எண்ணத்தையே விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்தது அழுக்கு. அடியில் நல்ல கறுப்பு இருந்தது. டேன் ரெக்சினோடு சுத்தமான கறுப்பு நன்றாகவே போகும் என்பது என் கண்ணுக்குப் படுவது.

கழுவும்போதே கையில் தடவிப் பார். ஓரம் நைந்து பிசிறு கிளம்பியிருக்கிறதா? எங்காவது இழை அறுந்து வெட்டு விழுந்திருக்கிறதா? தோள் வளையம் உரசும் இடத்தில் பளபளவென்று உருகின மாதிரி கோடு இருக்கிறதா? அந்தக் கோடு இருந்தால் பெல்ட் ஒரு விபத்தில் வேலை செய்துவிட்டது என்று பொருள். ஒருமுறை அப்படி நீண்ட நாடா மறுமுறை அதே மாதிரி நீளாது. சன்னல் பக்கம் வெளிறி, சுருளுக்குள் இருந்த பகுதி மட்டும் கருகருவென்று இருந்தால் வெயில் எவ்வளவு தின்றிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. 1996 பெல்ட் என்றால் இந்தச் சோதனையில் தேறுவது அபூர்வம். தேறவில்லையென்றால் மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றுவது என்று ஆன பிறகு டேன் நிறத்தில் வாங்குவதற்கு யார் தடை?

வாங்குவதில் இரண்டு வகை. முழு பெல்ட்டையே, சுருள்பெட்டி, நாக்கு, பக்கிள் எல்லாம் சேர்த்து, வேண்டிய நிறத்தில் வாங்குவது ஒன்று. இதைத்தான் நான் சொல்வேன். வாங்கும்போது பெல்ட்டின் அடிப்பகுதியில் தைத்திருக்கும் லேபிளைப் படி. ஐரோப்பிய முத்திரையென்றால் அதில் 'ஏ ஆர் 4 எம்' என்பது போல எழுத்துகள் இருக்கும். ஏ என்றால் மூன்று முனை பெல்ட், ஆர் என்றால் சுருள்பெட்டி உள்ளது, எம் என்றால் காரின் அசைவாலும் நாடாவின் இழுப்பாலும் இரண்டு வழியிலும் பூட்டிக்கொள்ளும். லேபிள் இல்லாத பெல்ட் எவ்வளவு அழகான டேனாக இருந்தாலும் கீழே வைத்துவிடு.

இரண்டாவது, பழைய சுருள்பெட்டியையும் பக்கிளையும் வைத்துக்கொண்டு நாடாவை மட்டும் புதிதாக மாற்றுவது. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே தனிப் பட்டறைகள் இருக்கின்றன. பழைய நாடாவை வெட்டி எடுத்து, சோதித்த நிற நாடாவைக் கோத்து, ஆலையில் போட்ட அதே கோலத்தில் தைத்துத் தருவார்கள். அரிய காரில் அந்தக் காலத்துப் பக்கிளையே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு இது நல்ல வழி. இதை நம் ஊர் குஷன் கடையில் கொடுக்கக்கூடாது. குஷன் கடைக்காரரின் கைவேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. சீட்டில் அவர் போடும் பைப்பிங்கை எந்த ஆலையும் போட முடியாது. பெல்ட்டின் தையல் வேறு. பெட்டி பெட்டியாக, குறுக்கும் நெடுக்குமாக, இத்தனை தையல், இந்தக் கனத்தில் நூல், இந்த ஊசி என்று கணக்குப் பார்த்து ஓடுவது. ஊசி தடிமனாக இருந்தால் பாவு இழையையே வெட்டிவிடும்; நூல் பலமானதாகத் தெரியும், நாடா தையலோரம் பிரிந்துவரும். நாடாவின் கனம் கொஞ்சம் கூடினாலும் சுருளில் முழுதாகச் சுற்றாது. தொங்கிக்கொண்டு கிடக்கும் பெல்ட் உடம்பை இறுக்கிப் பிடிக்காது.

சுருள்பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசை மெக்கானிக் மனசுள்ள யாருக்கும் வரும். உள்ளே முறுக்கிய நாடாச் சுருள்வில் இருக்கிறது. பிடிமானமில்லாமல் கழற்றினால் ஒரே நொடியில் அவிழ்ந்துவிடும், கையும் போகும். பத்மினியில் அத்தோடு முடிந்தது. பிற்காலத்து கார்களில் விபத்தின்போது பெல்ட்டை இழுத்து இறுக்க வெடிமருந்துக் குப்பியே வைத்திருக்கிறார்கள். அவற்றில் கை வைப்பதே தப்பு.

ஒன்றுக்கு மட்டும் நிறம் மாற்ற அனுமதியே இல்லை: பக்கிளின் விடுவிக்கும் பொத்தான். அது சிவப்பாகத்தான் இருக்க வேண்டும், பக்கிளில் வேறெந்தப் பகுதியும் சிவப்பாக இருக்கக்கூடாது என்று அந்த 16-ஆம் எண் ஒழுங்குமுறையே சொல்கிறது. கவிழ்ந்த காருக்குள் கை விடுகிறவர் சேலம் போகிற லாரி டிரைவரோ, சூளகிரிப் பக்கத்துத் தக்காளித் தோட்டத்துக்காரரோ. உன் காரை முன்னே பின்னே பார்த்திராதவர். இருட்டில் டார்ச் அடித்தால் அவருக்குத் தெரிய வேண்டியது அந்தச் சிவப்பு ஒன்றுதான். குரோம் அடிக்கிறேன், டேன் அடிக்கிறேன் என்று அதைத் தொடாதே. பொத்தானின் பிளாஸ்டிக்கையும் கவனி. 1995-இல் அமெரிக்காவில் டகாட்டா கம்பெனியின் பெல்ட்டுகளுக்காக 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள். காரணம் நாடா இல்லை. பொத்தானின் பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்கி, துணுக்குகள் பூட்டுக்குள் விழுந்து, பூட்டு சரியாக விழாமல் போனது. பழைய காரில் பொத்தான் வெளிறியோ வெடித்தோ இருந்தால் பக்கிளும் போக வேண்டியதே.

தம்பியின் நண்பன் ஒருவனிடம் இதைவிடப் பழைய பத்மினி இருக்கிறதாம். அந்தப் பெயரே காருக்கு 1974-இல்தான் வந்தது. தொடக்கத்தில் அது பியட் 1100. நண்பனின் காரில் பெல்ட்டே கிடையாது. வால்வோவில் நில்ஸ் போலின் என்ற பொறியாளர் மூன்று முனை பெல்ட்டைக் கண்டுபிடித்து, 1959-லேயே அது காரில் வந்துவிட்டது. அவர் அதற்கு முன்பு சாப் கம்பெனியில் விமானியைத் தூக்கி எறியும் இருக்கைகளைச் செய்துகொண்டிருந்தவர். காப்புரிமையை வால்வோ மற்ற கம்பெனிகளுக்கும் திறந்துவிட்டது. நம் நாட்டில் முன்சீட்டுகளுக்கு பெல்ட் வைத்துத்தான் கார் விற்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதி 125 கட்டாயமாக்கியது 1994 மார்ச்சில். முழுதாக 35 வருஷம். அந்த இடைவெளியில் இந்தச் சாலைகளில் போன உயிர்களை நினைத்தால் மனசு ஆறவில்லை.

அந்த நண்பனுக்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை. கம்பெனியே பெல்ட் கொடுக்காத காரில் எந்த நிறமும் அசல் ஆகாது, எதுவும் தப்பும் ஆகாது. பிடித்ததைப் போட்டுக்கொள்ளலாம். அவன் யோசிக்க வேண்டியது போல்ட் போகும் இடத்தை. பெல்ட்டின் பிடிமான முனைகளைச் சோதிக்கும்போது மடிப்பட்டையையும் தோள்பட்டையையும் தலா 13,500 நியூட்டனில் இழுக்கிறார்கள். பழைய காரின் தரைத் தகட்டில் ஓட்டை போட்டு வெறும் வாஷரோடு முறுக்கினால் அந்த விசையில் தகடு கிழிந்து போல்ட்டோடு வந்துவிடும். அடியில் கனமான பிளேட் வைத்து, துருவில்லாத தகட்டில், கதவுத் தூணுக்குள்ளும் அதே மாதிரி பலம் கொடுத்துச் செய்ய வேண்டும். போல்ட்டும் சாதாரண போல்ட் அல்ல; பெல்ட்டோடு வருகிற உயர்தர 7/16 அங்குல நெருக்க மரை போல்ட். 50 வயது தாண்டிய காரை விண்டேஜ் என்று பதிந்து வி.ஏ. வரிசை எண் வாங்க 2021-இல் விதி வந்திருக்கிறது. சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்பது அதன் நிபந்தனை. அதனால் வெல்டிங் வைக்கும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசில் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. தம்பியின் கார் பெல்ட் கட்டாயமான பிறகு வந்தது. அதில் பிடிமானங்கள் இருக்கின்றன. பெல்ட் போடாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதமும் இருக்கிறது.

பெல்ட்டையே தொடாமல் கண்ணுக்கு இதமாகச் செய்யவும் வழி உண்டு. தூணில் இருக்கும் பிளாஸ்டிக் மூடிக்கு டேன் அடிக்கலாம். தோளில் படுகிற இடத்துக்கு மட்டும் மெல்லிய, வழுக்கி நகரக்கூடிய சிறிய உறை ஒன்றைக் குஷன் கடையிலேயே அதே ரெக்சினில் தைக்கலாம். வளையத்தில் மாட்டாத அளவுக்குக் குட்டையாக, நாடாவைத் தளர்த்திப் பிடிக்காததாக இருக்க வேண்டும். சீட்டின் பைப்பிங்கைக் கறுப்பில் போட்டால் பெல்ட் தனியாகத் துருத்தாது. அதுவும் திட்டமிட்ட நிறமாகிவிடும். தம்பிக்கு இந்தக் கடைசி யோசனை பிடித்த மாதிரி தெரிந்தது. இருந்தாலும் 1996 நாடாவை அவன் நம்பத் தயாராக இல்லை. லேபிளோடு டேன் பெல்ட்டே வாங்கிவிடுவதாகச் சொன்னான். சரியான முடிவு.

மாட்டும்போது ஒன்று நடக்கும், பயப்படாதே. புது சுருள்பெட்டியைக் கையில் பிடித்து நாடாவை இழுத்தால் வராது. பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. உள்ளே ஒரு சின்ன குண்டோ ஊசலோ இருக்கிறது. பெட்டி 12 டிகிரி வரை சாய்ந்தால் விட வேண்டும், 27 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் பூட்ட வேண்டும் என்பது அதற்குக் கணக்கு. நேராக நிமிர்த்திப் பிடி, வழுக்கிக்கொண்டு வரும். காரில் பொருத்தும்போதும் அந்த நிமிர்வு வேண்டும். தூண் சாய்வாக இருந்தால் அந்தச் சாய்வுக்கென்றே செய்த பெட்டி கேட்டு வாங்கு. மாட்டின பிறகு நாடா முறுக்கில்லாமல் ஓடுகிறதா பார், வெடுக்கென்று இழுத்துப் பூட்டுகிறதா பார். போல்ட்டை பெல்ட்டோடு வந்த தாளில் போட்டிருக்கிற டார்க்கில் முறுக்கு. பிறகு ஆளில்லாத ரோட்டில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஒரு பிரேக் அடி. நெஞ்சில் பிடிக்க வேண்டும்.

கழற்றிய பழைய கறுப்பு நாடாவைக் காயலான் கடைக்கு அப்படியே போடாதே. கத்தரியால் இரண்டு மூன்று இடத்தில் குறுக்கே வெட்டிவிட்டுப் போடு. முழுசாகக் கிடந்தால் யாராவது எடுத்துக் கழுவி இன்னொரு காரில் மாட்டுவார்கள்.